ஊறவைக்கும் நேரம்

அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பெயர் பல்லுக்காரி. பெயர் வைத்தவள் மேல்வீட்டுக்காரி. பல் எடுப்பாக இருக்குமோ என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், நல்ல வரிசைதான். பொய்ப்பல் செய்கிற இடத்தில் அவளுக்கு வேலை, அவ்வளவுதான் விஷயம். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, மெழுகால் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, முன்பின் தெரியாத வாய்களுக்குச் சிரிப்பைத் தயார்செய்து அனுப்புவாள். அந்த வாய்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்தது கிடையாது. கடித்தால் சரியாக இருக்கிறதா என்று கேட்கவும் வழியில்லை. திருப்பி அனுப்பாவிட்டால் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலையிலேயே வேலைக்குப் போனால் மதியம் வீடு. அவள் உள்ளே நுழையும்போது கணவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர், எப்போதும் இரண்டாவது ஷிப்ட். வீட்டில் ஒரு ஆள் இருந்தே ஆகவேண்டும் என்பதால் அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட ஷிப்ட் அது. மாத்திரை கொடுத்தாயிற்று, எழுந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார் என்று வாசற்படியிலேயே பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல் விழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான். அன்றைக்கும் நாத்தனார் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

அப்படி ஒப்படைக்கப்படுகிற பொறுப்பு அவளுடைய மாமியார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து அவருக்கு உள்ளறைக் கட்டில்தான் உலகம். கூப்பிடுவதற்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் தலைமாட்டில் இருக்கும். மின்விசிறியைக் கூட்டு என்றாலும் தட்டுவார், குறை என்றாலும் தட்டுவார். ஒன்றுமே வேண்டாம், சும்மா இருக்கிறாயா என்று பார்த்தேன் என்பதற்கும் தட்டுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஜன்னலே இல்லாத அறையில், பட்டப்பகலில் ட்யூப்லைட்டைப் போட்டுக்கொண்டு கிடக்கிறவருக்கு அந்த ஸ்பூனை விட்டால் வேறு பேச்சுத்துணை ஏது. ஆனால் கேட்கிறவளுக்கும் இருப்பது இரண்டு காதுதானே.

அந்த இரண்டில் ஒன்றை அவள் ரேடியோவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு பால்கனி உண்டு. நீளம் இருக்கும், அகலம் இருக்காது, ரயில் பெட்டியின் நடைபாதை மாதிரி. அங்கே வாஷிங் மிஷின், மிஷின்மேல் ஒரு பலகை, பலகையில் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் பழைய துண்டு போர்த்திய ஒரு பெட்டி. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை அது, பேசுகிற ரேடியோ. பரீட்சை எழுதி, அரசாங்க உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தபடியே கடல்கடந்து எங்கேயோ இருக்கிற ஒருவரோடு பேசுகிற பொழுதுபோக்கு. அமெச்சூர் வானொலி என்பார்கள். கல்லூரியில் தொற்றிக்கொண்டது, கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. அவள் வாயால் பேசமாட்டாள். பேசினால், யாரோடு பேசுகிறாய் என்று உள்ளறையிலிருந்து விசாரணை வரும். அதனால் மோர்ஸ்தான். உள்ளங்கை அளவு ஒரு கீ, அதை அழுத்தி அழுத்தி விட்டால் குறிலும் நெடிலுமாக எழுத்துகள் காற்றில் போகும். சத்தம் வராமலிருக்கக் கீயின் அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருந்தாள்.

ஆன்டெனா எங்கே என்று கேட்பீர்கள். எல்லோர் கண்ணெதிரேயும் இருந்தது. பால்கனிக் கிரிலிலிருந்து மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி வரைக்கும் போகிற துணிக்கொடிதான் ஆன்டெனா. கொடி என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தது ரப்பர் உறை போட்ட வயர். காதும் காதும் வைத்தாற்போல் அவளே கட்டியது.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், வாஷிங் மிஷின் சுற்றினால் ரேடியோ செத்தது. மோட்டார் கிளப்புகிற இரைச்சல் அப்படியே காதுக்குள் வந்து கொட்டும். மிஷின் ஓடாவிட்டாலோ, துணிதான் போடவில்லையே, பால்கனியில் உனக்கென்ன வேலை என்று டம்ளர் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் அவள் கண்டுபிடித்த சந்து ஒன்று இருந்தது. மிஷினில் ஊறவைத்தல் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மிஷின் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். வேலையும் நடக்கிற மாதிரி, சத்தமும் இல்லாத மாதிரி. அந்த நேரம் முழுக்க அவளுடையது. அழுக்கே ஆகாத துணியையெல்லாம் போட்டு ஊறவைப்பாள். கணவருடைய யூனிபாரம் வெளுத்துப்போய், இரண்டாவது ஷிப்டுக்கு ரிட்டயரான ஆள் வந்திருக்கிறார் என்று டிப்போவில் கேலி செய்தார்களாம். மாமியாருக்கும் இது கண்ணில் படாமலில்லை.

"இந்த வீட்டுத் துணி மாதிரி ஊறின துணி உலகத்துலயே கிடையாதும்மா," என்பார்.

ஒன்றுவிட்டு ஒரு நாள், அந்த ஊறவைக்கும் நேரத்தில், அவளுக்காகக் காத்திருப்பவர் ஒரு கிரேன்காரர். எங்கேயோ ஒரு துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைப் போட்டுவிடுவார். அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. அவள் பெண் என்பதும் அவருக்குத் தெரியாது. மோர்ஸில் குரல் ஏது, ஆணென்ன பெண்ணென்ன. அந்த உலகத்தில் ஒருவரையொருவர் 'கிழவா' என்றுதான் செல்லமாகக் கூப்பிட்டுக்கொள்வார்கள், இருபது வயதுப் பையனும் கிழவன்தான். மருமகள், பெண்டாட்டி, அண்ணி, பல்லுக்காரி என்று எல்லாமாகவும் இருந்து அலுத்தவளுக்குக் கொஞ்ச நேரம் கிழவனாக இருப்பது எத்தனையோ தேவலாம் என்றிருந்தது.

பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இங்கே வெயில், அங்கே காற்று, புதுக் கப்பல், முதுகுவலி. ஆனால் எதைப் பேசினாலும் முதலில் மதிப்பெண் சொல்லியாக வேண்டும். நீ அனுப்புவது எனக்கு எவ்வளவு தெளிவாக, எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று மூன்று எண்களில் சொல்வது மரபு. ஐந்து, ஒன்பது, ஒன்பது என்றால் முழு மதிப்பெண். அதிலும் ஒரு நாகரிகம் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் முழு மதிப்பெண்ணைப் போட்டுவிடுவார்கள். திரும்பச் சொல் என்றால், விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் குழம்பில் உப்பில்லை என்று சொல்கிற மாதிரி. அவளும் அப்படித்தான், அவரும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஒருவருக்கொருவர் குறைத்துப் போட்டதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் கீழ்வீட்டில் டிரில்லிங் மிஷினைப் போட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். காதில் ஒரே கரகரப்பு. அன்றைக்குப் பார்த்துக் கிரேன்காரர் வழக்கத்துக்கு மாறாக நீளமாக, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி எதையோ அனுப்பிக்கொண்டிருந்தார். கொக்கி என்று ஒரு வார்த்தை பிடிபட்டது, மற்றதெல்லாம் இரைச்சலோடு போயிற்று. உள்ளே டம்ளர் வேறு. எல்லாம் கேட்டது கிழவா, முழு மதிப்பெண், ரொம்ப நல்லது, இங்கே மழை, மறுபடி வா என்று அடித்துவிட்டு ஓடினாள். அதன்பிறகு ஒரு மாதம் அவரைக் காணோம். லீவில் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். திரும்பி வந்தார், அங்கே காற்று என்றார், பழையபடி பேச்சு ஓடியது.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததற்குத்தான் இப்போது முடிவு வந்துவிட்டது. மாமியாருக்குக் காலைப் பிடித்துப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், இவருக்கு வெயில் படவேண்டும், இந்த இருட்டறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே என்று கேட்டுவிட்டுப் போனாள். கேட்டது நியாயம். நாத்தனார் உடனே அளவெடுத்துவிட்டாள். பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டால் கட்டில் அங்கே கச்சிதமாகப் பொருந்தும், மிஷின் குளியலறைக்குப் போகட்டும் என்றாள். கணவர் கண்ணாடிக்காரரிடம் சொல்லியும் விட்டார். கொடியை அவிழ்த்துவிட வேண்டும் என்றார். அந்தப் பெட்டியை என்ன செய்வது என்று நாத்தனார் கேட்டாள்.

"அதப் பரண்ல போட்டு வைப்போம். அப்புறம் பாத்துக்கலாம்," என்றார், முகத்தில் கள்ளங்கபடம் இல்லாமல்.

அவள் என்னவென்று சொல்வாள்? எனக்கு அந்த இடம் வேண்டும் என்ற வாக்கியத்தை அந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு வயதான மனுஷிக்கு வருகிற வெயிலை, ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு எப்படி மறிப்பது? சொன்னால் தன் காதுக்கே அது அசிங்கமாகக் கேட்கும். மாமியாரோ புதுத்துணி வாங்கின குழந்தை மாதிரி ஆகிவிட்டார். தலைமாடு எந்தப் பக்கம் இருந்தால் தெரு தெரியும், பஸ் போவது தெரியுமா என்று கேட்டுக் கேட்டு மாய்ந்துபோனார். அவளுக்கு யார்மேலாவது கோபப்பட முடிந்தால்கூடத் தேவலை. ஒருவர்மேலும் கோபப்பட வழியில்லாமல் எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள்.

கண்ணாடிக்காரர் நாளைக்கு வருகிறார் என்கிற நாள் கிரேன்காரருடைய நாளாக அமைந்தது. கணவர் வாசற்படியில் பொறுப்பை ஒப்படைத்தார், நீ அலைய வேண்டாமென்று பாதி வேலையை நானே முடித்துவிட்டேன் என்றும் சொன்னார். எந்த வேலை என்று அவளும் கேட்கவில்லை. மனம் முழுக்கப் பால்கனியில் இருந்தது. மாமியாருக்கு முகம் துடைத்து, தலையணையைத் தூக்கி வைத்து, கையில் எடுத்த நாலு துணியை மிஷினில் திணித்து ஊறவைத்தல் பட்டனை அமுக்கினாள். ஹெட்போனின் ஒரு பக்கம் காதில், மறுபக்கம் வழக்கம்போல் கன்னத்தில்.

கிரேன்காரர் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி மெலிந்து கேட்டார். முழு மதிப்பெண் கிழவா, இங்கே காற்று என்றார். இன்றைக்கு வானம் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவளும் முழு மதிப்பெண்ணைப் போட்டாள். பிறகு, ராத்திரியெல்லாம் மனதுக்குள் அடித்து அடித்துப் பார்த்து வைத்திருந்ததை அனுப்ப ஆரம்பித்தாள்.

நான் கிழவன் இல்லை, பெண். இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது இந்தப் பால்கனி ஒன்றுதான், அதுவும் நாளையிலிருந்து இல்லை. யாரும் பிடுங்கவில்லை, நானேதான் கொடுக்கிறேன், கொடுக்காமலிருக்க எனக்குத் தெரியவில்லை. உன்னோடு பேசுகிற நேரத்தில்தான் நான் மூச்சு விட்டேன். இனி நீ கூப்பிட்டால் நான் வரமாட்டேன். என்னைத் தப்பாக நினைக்காதே. இதைத்தான் அனுப்பினாள். ஒரு எழுத்தும் தப்பவில்லை. வாழ்க்கையில் யாரிடமும் அவள் இவ்வளவு பேசியது கிடையாது.

முடித்துவிட்டுக் காத்திருந்தாள். பதில் வந்தது.

எல்லாம் கேட்டது கிழவா. முழு மதிப்பெண். ரொம்ப நல்லது. நாளை மறுநாள் மறுபடி வா.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கீயிலேயே கண்ணாக இருந்தவள் பிறகுதான் நிமிர்ந்து வெளியே பார்த்தாள். கிரிலை ஒட்டி, ஆன்டெனா வயர்மேல், மாமியாருடைய படுக்கைவிரிப்பு இரண்டும் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன. கணவர் செய்துவைத்த பாதி வேலை அதுதான். பேசுகிற நாளில் அந்த வயரில் ஒரு கைக்குட்டை காயவும் அவள் விடமாட்டாள். ஈரத்துணி கிரிலில் பட்டுக்கொண்டு கிடந்தால் அனுப்புவதில் முக்கால்வாசி வெளியே போகாது. பெட்டியில் அதைக் காட்டுகிற முள் இருக்கிறது, இன்றைக்கு அவள் முள்ளைப் பார்க்கவில்லை. சொன்னதையெல்லாம் படுக்கைவிரிப்பு குடித்துவிட்டது.

சிரிப்பு அடங்கியபோது வேறொன்று உறைத்தது. இந்தப் பதில் அவளுக்குத் தெரிந்த பதில். எல்லாம் கேட்டது, ரொம்ப நல்லது, மறுபடி வா. அந்த மழைநாளில் அவள் அடித்தது இதே வார்த்தைகள்தான். அன்றைக்கு அவர் அத்தனை நேரம், அத்தனை மெதுவாக என்னதான் சொல்லிக்கொண்டிருந்தார்?

விரிப்புகளை உருவித் தரையில் போட்டாள். ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டினாள், இந்த வீட்டுக்கு வந்தபிறகு முதல் தடவையாக. கிழவா, போகாதே என்று அடித்தாள். இப்போது அவர் பக்கத்து அறையிலிருப்பது போல் வந்தார். நாகரிகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவள் உள்ளதைச் சொன்னாள். இப்போது நான் சொன்னது உனக்குக் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் நீ நிறையச் சொன்னாய். அதுவும் எனக்குக் கேட்கவில்லை. கேட்டதாகப் பொய் சொன்னேன். திரும்பச் சொல்.

காதில் வெறும் காற்று. போய்விட்டார் என்றே நினைத்தாள். பிறகு வந்தது, அன்றைக்குப் போலவே நிறுத்தி நிறுத்தி.

என் கொக்கியிலிருந்து சுமை நழுவியது. கீழே ஒரு ஆள் நின்றிருந்தான். இறந்துவிட்டான். என்மேல் தப்பில்லை என்று விசாரித்துச் சொன்னார்கள். வீட்டில் யாரிடமும் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். எல்லாம் கேட்டது, மறுபடி வா என்றாய். இவ்வளவையும் கேட்ட பிறகும் ஒரு ஆள் என்னை வா என்கிறானே என்றுதான் நான் மறுபடி வேலைக்குப் போனேன். மறுபடி இங்கேயும் வந்தேன்.

பிறகு இரண்டே வார்த்தை.

கேட்கவே இல்லையா?

இரண்டு காதும் மூடியிருந்தும் டம்ளர் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. கேட்காமல் இருக்குமா, அவள் காது அதற்காகவே வளர்ந்த காது. வர்றேன் அத்தை என்று வாய் தானாகச் சொன்னது. கால் எழவில்லை. அந்த மனிதர் இத்தனை நாளாக எதைப் பிடித்துக்கொண்டு நின்றாரோ அதை இப்போதுதான் அவள் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். தப்பாக நினைக்காதே, நாளை முதல் நான் இல்லை என்று இனி எந்தக் கையால் அடிப்பது? எங்கே திரும்பினாலும் சுவர் என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பக்கத்திலும் ஒரு சுவர் எழும்பும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

டம்ளர் விடாமல் தட்டியது. அவள் கீயின்மேல் கையை வைத்தாள்.

அன்று கேட்கவில்லை. இன்று கேட்டது, ஒரு எழுத்து விடாமல். நாளை மறுநாள் வா. நான் இருப்பேன்.

அவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. ஊறுகிற நேரம் முடிந்து மிஷின் ஒரு குலுக்குக் குலுக்கிச் சுற்ற ஆரம்பித்தது, காதெல்லாம் இரைச்சல். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பெட்டிமேல் துண்டைப் போர்த்தினாள். தரையில் கிடந்த விரிப்புகளை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

மாமியார் ஸ்பூனும் கையுமாகத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் தட்டுவது, கை வலிக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு தாங்கமாட்டாமல் கட்டில் பேச்சுக்கு வந்துவிட்டார். கண்ணாடிக்காரர் காலையிலேயே வந்துவிடுவாரா, வெயில் கண்ணில் அடிக்காமல் ஒரு திரை போடலாமா என்று கேட்டார். அவள் அவருடைய தலையணையைச் சரிசெய்தாள். தூக்கிவிட்டு உட்கார வைத்தாள். அவருடைய முதுகு எலும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது. பாவமாகத்தான் இருந்தது.

"மிஷின இன்னைக்கே பாத்ரூமுக்கு நகத்திடலாம்ல? துணி முடிஞ்சுதாம்மா?"

"இல்ல அத்தை," என்றாள். "இன்னும் ஊறுது."

பால்கனியில் மிஷின் ஊரே கேட்கும்படி சுற்றிக்கொண்டிருந்தது. மாமியார் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.